ஞாயிறு, பத்து முதல் ஐந்து வரை

டீ நன்றாக இருக்கிறது மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ என்றால் கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருடமாக ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறேன். கையால் தடவினாலே முள் கீறல் எது, உண்ணிக் கடி எது என்று சொல்லிவிடுவேன். இப்போது ஆர்டர் கம்மி, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இதெல்லாம் கோர்ட்டுக்கு எங்கே புரியப்போகிறது? மகள் ஷெர்லினுக்கு மாதம் ஏழாயிரம் ஜீவனாம்சம் கட்டச் சொன்னார்கள். பழைய பாக்கி மட்டும் ஒன்றே முக்கால் லட்சம், கட்டாவிட்டால் ஜெயில். என்னை விவாகரத்து செய்த கேத்தரின் நர்ஸ், கை நிறையச் சம்பளம். ஆனாலும் மாதம் பிறந்தால் ஃபேக்டரி கேட்டில் வந்து நிற்பாள். வாட்ச்மேன்கூடச் சிரிப்பான்.

என் வக்கீல் இன்னொரு மேதாவி. "எத்தினி வருஷம் சார் கட்றது?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும்தான்" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். நான் கொடுத்த ஃபீஸுக்கு அந்த ஒரு பேச்சுதான் பிரயோஜனம்.

சுந்தர்ராஜ் எங்களுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். மனைவி இல்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவர். பாக்கி மொத்தத்தையும் தானே தருவதாகச் சொன்னார். "கொறை ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார். "ஒரு தழும்பு இல்லண்ணா, ஃபர்ஸ்ட் கிரேடு" என்றேன்.

மாதம் இரண்டு ஞாயிறு, பத்து முதல் ஐந்து வரை மகளை வெளியே அழைத்துப்போகலாம் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. போன ஞாயிறு பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துப்போனேன். வழியில் படிக்க ஸ்கூல் பையையும் எடுத்துக்கொண்டாள். திருப்பத்தூர் நெருங்கியபோது, "நாளைக்கு மேக்ஸ் டெஸ்ட்டுப்பா, லேட்டாயிடப் போவுது" என்றாள். பத்தாவது படிக்கிறாள்.

"ஆவாதும்மா" என்றேன்.

சுந்தர்ராஜ் வீட்டில் கதவைச் சாத்திப் பத்தே நிமிடத்தில் தாலி கட்டி முடித்தார்கள். ஷெர்லின் அழுதாள். கல்யாணத்தில் எந்தப் பெண்தான் அழவில்லை? மறுநாளே பாக்கியைக் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளை எங்கே கூட்டிப்போனார் என்று எனக்குத் தெரியாது. லோடு ஏறிய சரக்கு எங்கே போகிறது என்று தரம் பிரிக்கிறவன் கேட்பதில்லை.

கேத்தரின் என்னைக் கடத்தல்காரன் என்கிறாளாம். கோர்ட் உத்தரவை நான் ஒருநாளும் மீறியதில்லை மேடம். அன்றைக்கும் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே, ஷெர்லினின் ஸ்கூல் பையை அவள் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.