குதிரைக்குப் பின்னால் மறைப்பு

எனக்குக் காபி ஆறியிருந்தால்தான் பிடிக்கும் சார். பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை எடுத்துவிட்டால் சூட்டைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

என் வீட்டுக்காரர் ராயப்பராஜ் நல்ல மனிதர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் நான் ஒரு குறிப்போடு உட்கார்ந்திருந்தால், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிடுவார். "இதுக்குப் போயி இம்புட்டு நேரமா ஷைனி?" என்பார். அந்தக் குறிப்புகள் நேரடிக் கேள்விகள் இல்லை. சொல்லை உடைத்து, ஒட்டி, ஒளித்து வைத்திருப்பார்கள். ஒளித்தது அகப்படும் அந்த நிமிஷம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட, நான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்த, காலையில் அவரும் பேப்பரில் பார்த்திருந்த குறிப்புக்கு விடையைப் பின்னால் நின்று காதில் சொன்னார். போய் முழந்தாளிட்டேன், ஜெபம் வரவில்லை.

போன சனிக்கிழமை வந்த குறிப்பு இது: 'எழுத்து ஒலிக்கும் அளவு, குதிரைக்குப் பின்னால் மறைப்பு.' குதிரைக்கு 'மா' என்று ஒரு பெயர் உண்டு. மறைப்பு என்றால் திரை. சேர்த்தால் மாத்திரை.

"ஷைனி, மாத்திரை" என்றார், பின்னால் நாற்காலியிலிருந்து.

"சொல்லாதீங்க" என்றேன்.

"நெஞ்சு அடைக்குதுடி. நாக்குக்கு அடியில வைக்கிறது... எடு."

அது ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. நான் கை நீட்டினால் எட்டும். நான் கட்டங்களை நிரப்பினேன். நாற்காலி கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது, பிறகு நின்றது. மற்ற குறிப்புகள் சுலபமாக வந்தன. பின்னால் யாரும் பேசவில்லை.

பக்கத்து வீட்டு ரஃபியா கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

"அக்கா, அண்ணன் ஏன் இப்பிடிச் சாஞ்சு கெடக்காரு?"

"செத்த நேரம் இரு. ஒண்ணுதான் பாக்கி" என்றேன்.

அவள்தான் ஆட்களைக் கூப்பிட்டாள். உங்களிடம் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். தப்பில்லை.

அவர் கேட்டது காதில் விழவில்லை என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். விழுந்தது. வேண்டுமென்றேதான் எழுந்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த விடையை நானாகவே கண்டுபிடித்திருந்தேன்.