பாபநாசம் பாருக்கு எத்தனை ஸ்டார்?

— ...ஆகவே, காவிரிப் படுகையின் தாகமுள்ள பெருமக்களே! முப்போகம் விளைந்த இச்சோழ மண்ணின் மதுக்கூடங்களை நடுநிலை பிறழாமல் நாவிலேயே நிறுத்துச் சொல்லும் உங்கள் ராஜராஜன், இன்று பாபநாசம் மெயின்ரோட்டுப் பாரிலிருந்து ஒரு சரித்திர அறிவிப்பை வெளியிடுகிறேன்! ... இதுதான் முகவுரை. நேரலையில அப்படியே பேசப்போறேன். எப்புடிடா வீரையா?

— சரித்திரம் இருக்கட்டும். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு மூணு காலு. பார்த்து.

— ‘ஊசலாடும் இருக்கை, தாலாட்டும் அனுபவம்.’

— தகரத்துல ஓட்டை. தலையில சொட்டுது.

— ‘மழையோடு உரையாடும் கூரை.’

— சுண்டல்ல ஈ கிடக்கு.

— ‘அசைவப் பிரியர்களுக்கும் ஏற்றது.’

— அட சண்டாளா! உரக்கடையில யூரியா வித்தப்ப இந்த வாயி எங்கடா இருந்துச்சு?

— ரசனைங்கறது உள்ள ஊறுறதுடா. உனக்குப் புரியாது.

— எல்லாக் கடைக்கும் ஒரே லாரியிலதான் சரக்கு வருது. இதுல பாபநாசம் ருசி, ஒரத்தநாடு ருசின்னு என்னத்தப் பிரிக்கிற?

— நானா பிரிக்கிறேன்? நாக்கு உன்னுது, வார்த்தைதான் என்னுது. ஒரத்தநாட்டுல குடிச்சுட்டு ‘நாத்தங்கால்ல தண்ணி வடிஞ்சாப்ல இருக்கு’ன்ன. நான் அதையே ‘ஈரவயலின் அந்திமூச்சு’ன்னு போட்டேன். ஊரே கைதட்டுச்சு.

— கைதட்டுனவன் எவனும் நாத்தங்கால்ல இறங்கியிருக்க மாட்டான்.

— அது போகட்டும். அறிவிப்பு என்னன்னு கேளு. இன்னிக்கு நேரலையில நானே குடிக்கப்போறேன்.

— என்னது?

— ஒரே ஒரு மடக்கு.

— டேய்! டாக்டரு ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டி என்ன சொன்னாரு? ‘இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் இந்த ஈரலுக்கு நான் பொறுப்பில்ல’ன்னாரா இல்லையா? உன் பொண்டாட்டி வானதி உன் கையப் புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியத்தானடா பார்த்தா? டம்ளர மோந்துகூடப் பார்க்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுன. அதனாலதான நான் குடிச்சுச் சொல்றது, நீ பேசுறதுன்னு ஏற்பாடு!

— மன்னார்குடிக்காரன் ஒருத்தன் கமெண்ட் போட்டிருக்கான்டா. ‘ஐயா, எல்லா வீடியோவுலயும் டம்ளரைப் புடிச்சிருக்கிறது உங்க கை இல்லையே, நகத்துல சேறு இருக்கே’ங்கறான்.

— நடவு நட்ட கையில பின்ன மருதாணியா இருக்கும்?

— கீழ வரிசையா சிரிக்கிறானுங்க. ‘நீந்தத் தெரியாத நீச்சல் வாத்தியாரு’ன்னு எழுதியிருக்கானுங்க. என் மானம் என்னத்துக்குடா ஆகுறது?

— மானத்தை அடியுரமா போட்டா ஈரல் முளைக்குமா? நீ போய்ச் சேர்ந்தீன்னா அதுக்கு எத்தனை ஸ்டார்னு மன்னார்குடிக்காரன் போடுவான். இருந்து எண்ணிப் பார்த்துக்க.

— அந்த டம்ளரக் குடு.

— கையெடு.

— வீரையா, கெஞ்சிக் கேக்குறேன்.

— கெஞ்சு. நல்லாக் கெஞ்சு. நான் தரமாட்டேன்.

— சரி. நீ தராட்டி என்ன, சரக்கு விக்கிற கவுண்டரு இங்கதான இருக்கு? நானே போயி ஒரு குவாட்டர் வாங்கிட்டு வர்றேன்.

— ஏய், ஏய்... உட்காரு. அங்க போகாத. உட்காருடான்னா! ... இந்தா. என் டம்ளர்லயே குடி. ஒரு மடக்கு, அதோட சரி.

— என்னடா, பட்டுன்னு இறங்கி வந்துட்ட?

— அந்த ஃபோன்ல நேரலையைப் போட்டுத் தொலை. மனசு மாறுறதுக்குள்ள முடி.

— வணக்கம் அன்பர்களே! ஐயப்பட்டோர் அனைவரும் காண்க. இதோ என் கை. இதோ டம்ளர். ... ம்ம்ம். ... ஆஹா! முதலில் நாவின் நுனியில் ஓர் உறைப்பு. பிறகு மெல்ல மெல்ல மண்ணின் மணம். தொண்டையில் இறங்குகையில் அக்கினி! ஏதோ ஒரு பழைய மரப்பீப்பாய்க்குள் வெகுகாலம் தவம் கிடந்த ஆன்மா ஐயா இது. மன்னார்குடி அன்பரே, இதையெல்லாம் நாக்கு உள்ளவனால்தான் சொல்ல முடியும். பாபநாசம் பாருக்கு ஐந்துக்கு ஐந்து!

— நிறுத்திட்டியா?

— நிறுத்திட்டேன். டேய், காதெல்லாம் சுடுதுடா. ஒரு மடக்குக்கே ஆடுது பாரு.

— அது நாற்காலி.

— சிரிக்காதடா. புத்திகெட்டுப் போயி குடிச்சுத் தொலைச்சுட்டேன். எவனோ முகந்தெரியாதவன் சொன்னான்னு... வானதி மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்? ஈரல் தாங்குமா?

— தாங்கும்.

— நீ என்ன டாக்டரா?

— இல்ல. உன்னைய மூக்குல ட்யூபோட வார்டுல பார்த்தேன்ல, அன்னியிலேருந்து நான் சரக்கைத் தொடல. நான் வராட்டி நீ தனியா இங்க வந்து உட்கார்ந்து குடிச்சிருவ. அதான் ஊர் ஊரா உன் பின்னாடி வந்தேன்.

— தொடலையா? அப்ப நன்னிலத்துல ‘சரக்கு புளிக்குது’ன்ன? உன் பேச்சைக் கேட்டு ஒரு ஸ்டார் போட்டு, அந்தப் பார்க்காரன் என் வீடு தேடி வந்து சட்டையப் புடிச்சானேடா!

— எல்லா ஊர்லயும் என் டம்ளர்ல இருந்தது என் பொண்டாட்டி தங்கமணி வச்ச சுக்குக் கஷாயம்டா. நன்னிலத்துக்குக் கொண்டுபோனது முதநாளுது.