வாசல் கம்பியில் நான் மாட்டிய பலகை

பெயர்: கடைசியில் உள்ள கையெழுத்தில் காண்க. வயது: அறுபத்தெட்டு. தொழில்: தரைக்கு டைல்ஸ் பதிப்பது, இப்போது ஓய்வு. முகவரி: சலவைக் கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறை, மனைவியுடன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. இந்த வாக்குமூலத்தை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகக் காவல் நிலைய எழுத்தர் கூறினார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "பெரியவரே, நீங்க பேனா பிடிக்கிறதைப் பாத்தா சாயங்காலம் ஆயிடும் போலிருக்கே" என்றார். ஆகட்டும் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

என் மனைவியும் அவள் அக்காவும் கடைசிக் காலத்தில் ஒரே ஊரில் இருக்க ஆசைப்பட்டதால் சென்ற ஆண்டு இரண்டு குடும்பமும் இந்த ஊருக்கு வந்தோம். அக்காவின் கணவர், அதாவது என் சகலை, பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் ஆளுக்கொரு அறையில் தற்காலிகமாகத் தங்கி வீடு தேடினோம். தரகர் காட்டிய ஒரு வீட்டில் கழிவறைக் கதவு சமையலறைக்குள் திறந்தது. இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். அதன் பிறகு ஒருநாள் தெருமுனையில் முதல் மாடி வீடு ஒன்றைக் காட்டினார். பால்கனி முழுக்க வெயில் விழுந்தது. என் மனைவி அங்கே நின்று கொடிக்கயிறு எங்கிருந்து எங்கே கட்டலாம் என்று கையை விரித்து அளந்தாள்.

நான் ஹாலில் குந்தி உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில், டைல்ஸை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். நடு வரிசையில் பொள்ளென்று சத்தம் வந்தது. அடியில் கலவை பிடிக்கவில்லை, பாரம் ஏறினால் பெயரும் என்று அர்த்தம். "பேத்துப் புதுசா பதிச்சுக் கொடுத்தாத்தான் குடி வருவேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றேன். "நடக்கத்தானே போறீங்க, தரையில தாளமா போடப் போறீங்க?" என்று தரகர் கேட்டார். நான் அசையவில்லை. அதன் பிறகு மாலையில் சகலையைப் பார்த்து, தட்டியே குறையைக் கண்டுபிடித்ததைப் பெருமையாகச் சொன்னேன். வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

மறுநாள் அவர் அந்த வீட்டைப் பேசி முடித்துவிட்டார். "சகலை, வீடு அருமை! நீங்க தட்டிப் பாத்தீங்க, நாங்க தங்கிப் பாக்குறோம்" என்று தொலைபேசியில் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணமே வராது, அதுவும் எனக்குப் பிடிக்காது. என் மனைவி சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் அறையின் தரையை விரலால் தட்டிவிட்டு, "நம்ம ரூம்ல நல்லா கெட்டியா இருக்குங்க" என்றாள்.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. துவைத்த துணி காயாமல் நாறும். ஆகவே அவள் துணிகளை வாளியில் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் உலர்த்தி வருவது வழக்கமாயிற்று. மடித்துக் கொண்டுவரும் என் சட்டையில் சகலை வீட்டு வெயிலின் வாசனை இருக்கும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் வீடு தேடப் போவேன்.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. பலகை தொங்கிய கதவையெல்லாம் வாடகை வீடு என்று நினைத்துத் தட்டினேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. நாய் இருப்பதைத்தான் பலகையில் எழுதியிருந்தார்களாம். அதன் பிறகு பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். நான் முதலில் முழுதாகப் படித்தது 'வீடு வாடகைக்கு' என்பது. தெருவில் நின்று சத்தமாகப் படித்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "போன வாரமே ஆள் வந்தாச்சு தாத்தா, பலகையை எடுக்க மறந்துட்டோம்" என்றார். அப்போதும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை.

எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அது உங்கள் எழுத்து என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் கையெழுத்தை முதலில் சகலையிடம்தான் காட்டினேன். அவர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "கோலம் மாதிரி இருக்கு சகலை" என்றார்.

சம்பவத்துக்கு முந்தைய நாள் அவர் எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். பால்கனியில் புதிதாக ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. "உங்களுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் இது உங்க நாற்காலி சகலை" என்றார். நான் உட்காரவில்லை. அதன் பிறகு என் மனைவி அதில் உட்கார்ந்து, வெயிலில் கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள். எங்கள் அறையில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒரு பலகைத் துண்டை எடுத்து, டைல்ஸுக்குப் போடுவது போல் நூல் பிடித்துக் கோடு போட்டு, கறுப்புச் சாயத்தால் இவ்வாறு எழுதினேன்: 'வீடு வாடகைக்கு. நல்ல வெயில் வரும். மேலே வந்து பார்க்கலாம்.' கீழே பழக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். போட்டது தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. அதைச் சகலை வீட்டு வாசல் கம்பியில் மாட்டினேன். நாலு பேர் வந்து கதவைத் தட்ட வேண்டும், அவர் முகம் ஒரு பொழுதாவது சுருங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை.

அதன் பிறகு எதிரே இருந்த பழக்கடையில் நின்றேன். முன்பின் தெரியாத மனிதர்கள் நான் எழுதியதை நின்று படித்தார்கள். படித்தபடியே மேலே ஏறினார்கள். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் ஏறியவர்கள் இறங்கவில்லை. இந்த ஊரில் வெயில் வரும் வீட்டுக்கு இவ்வளவு பேர் அலைகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் ஏறிப் போனேன். ஒரு தம்பதி அலமாரி நுழையுமா என்று கதவை அளந்தார்கள். ஒரு அம்மாள் அக்காவிடமே, "நீங்க எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டார். "அட, இது நாங்க குடியிருக்கிற வீடுங்க! வழி விடுங்க, முன்னாடி போங்க, உள்ளே இடம் இல்லை!" என்று சகலை பேருந்தில் கத்துவது போல் கத்தினார். அப்போது ஹாலின் நடு வரிசை டைல்ஸ் கூட்டத்தின் பாரத்தில் படபடவென்று பெயர்ந்து எழுந்தது. சகலை தடுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது.

அதன் பிறகு வீட்டுக்காரர் வந்தார். என் சகலை தமக்குத் தெரியாமல் வீட்டை உள்வாடகைக்கு விடப் பார்த்ததாகப் புகார் கொடுத்து, மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி பலகையைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார். சகலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே பார்த்தார். "தெரியலைங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வீட்டை விடத் துணிந்துவிட்டார். நல்ல வீடும் அவருக்கே, நல்ல மனிதர் என்ற பெயரும் அவருக்கே என்று எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பி நடக்கையில் என் மனைவி, "அக்கா எங்கே போவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவில்லை. இன்று நான் போட்டிருக்கும் சட்டை எங்கள் அறையில் காய்ந்தது. எழுத்தர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஆகவே, பலகைக்கும் என் சகலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர்ந்த டைல்ஸை நானே பதித்துத் தருகிறேன். பதித்தால் அந்த வீடு இன்னும் நல்ல வீடாகிவிடும். அது இப்போதே எனக்கு உறுத்துகிறது. உண்மையை எழுதச் சொன்னதால் எழுதினேன்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் என் மனைவி இப்போது எட்டிப் பார்த்து, "முடிச்சாச்சா? இதுலயும் மறக்காம கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

மேலே உள்ளவை யாவும் நடந்தது நடந்தபடியே. எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, நானே படித்துப் பார்த்தேன். பலகையில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளும் பொருட்டு என் கையெழுத்தைக் கீழே இடுகிறேன்.

(கையெழுத்து)