ஹெட்விக் அம்மாவின் சனிக்கிழமைக் குளியல்

காப்பி போடுவதில் ஃபின்லாந்தின் குவோப்பியோ நகரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. என் காப்பியில் குதிரை லாடத்தைப் போட்டால் மிதக்கும். பக்கத்து வீட்டு ஹெட்விக் அம்மா அதற்காகத்தான் என் அடுக்களைக்கு வருகிறார் என்று ஊரில் சொன்னார்கள். பொறாமை. அவர் வந்தது என் காதுக்காக.

பிரெஞ்சுக் கதைகளை ஃபின்னிஷில் மொழிபெயர்த்தே பிழைத்த முதல் சிலரில் அவர் ஒருவர். வீட்டில் ஸ்வீடிஷ் பேசி வளர்ந்தவர். ஃபின்னிஷ் சரளமாக வருகிறதா என்று பார்க்க, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நானோ சுங்கச்சாவடியில் ஓய்வு பெற்றவன், வேலை ஏது? நான் சிரித்தால் அவர் எழுதிய வரி நிற்கும். மூக்கைச் சொறிந்தால் அதை அடித்துவிடுவார்.

"மூக்கு அரிக்குதா, தாவெட்டி?"

"வரிதாம்மா அரிக்குது. சந்தையில யாரு இப்படிப் பேசுவா?"

ஃபின்னிஷ் இலக்கியத்தில் பாதி என் மூக்கு செய்தது.

கடைசியாக ஒரு தடித்த நாவல். அவர் கண் மங்கிக்கொண்டிருந்தது. இனி இன்னொன்று முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இருந்தது ஒரே பிரதி. ஒரு சனிக்கிழமை முடிவுவரை வாசித்தார்.

"இந்த இடத்துல ஸ்டீனா விழுந்து விழுந்து சிரிச்சா" என்றார்.

ஸ்டீனா அவர் வீட்டு வேலைக்காரி.

"அவளுக்கும் வாசிச்சீங்களா?"

"எல்லாம் முதல்ல அவளுக்குத்தான். நீங்க காப்பி ஊத்தும்போதே சிரிக்கிற ஆளாச்சே."

துரோகம் இப்படித்தான், பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே வரும்.

சனிக்கிழமை சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு, அடுப்பு மூட்டுவது என் வேலை. நாவலின் தாள்கட்டு என் மேஜைமேல் இருந்தது. ஸ்டீனா என் அடுக்களையிலிருந்து விறகுக்கூடையை எடுத்துப்போனாள். இருவரும் உள்ளே குளிக்கப் போனார்கள். நான் வெளியறையில் அடுப்பு வாயருகே உட்கார்ந்து தாள் தாளாகக் கொடுத்தேன். பிர்ச் மரப்பட்டையைவிட நன்றாகப் பிடிக்கிறது.

"இன்னிக்குச் சூடு அருமை, தாவெட்டி. இன்னும் கொஞ்சம் போடுங்க."

கேட்டதால் கடைசி அத்தியாயத்தையும் போட்டேன்.

ஹெட்விக் அம்மா தாள்கட்டைத் தேடியபோது, ஸ்டீனா எடுத்த கூடையில் தாள்களும் இருந்ததாகச் சொன்னேன். அவள் அழுதாள். வேலை போய், நடுக்கும் பனியில் மூட்டையோடு போனாள்.

இப்போது ஹெட்விக் அம்மாவுக்குச் சுத்தமாகக் கண் தெரியவில்லை. என்னைக் கூப்பிடுவதுமில்லை, துக்கம் இருக்கும்தானே. அவர் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். இனி அவருக்கு வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும். என்னைவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?