புலிக்குத் தப்பிய தாத்தா

இல்லீங்க தம்பி, நீங்க உள்ள போங்க. நானு இங்கயே டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கறேன். டெல்லிக் குளுருக்கு இந்த வெயிலை விட்டா வேற மருந்து ஏது. பையா, ஏக் சாய், ஃபீக்கி. ஆமாங்க, சக்கரை ஆகாது. ஏற்கனவே ஒடம்புக்குள்ள ஒரு சக்கரை ஆலை ஓடுதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.

பேச்சுப்போட்டியில உங்க பையன் பேரு கடைசியிலதான் வருதா? அப்ப சித்த உக்காருங்க. உங்க வூட்டம்மா உள்ளதான இருக்காங்க, நேரம் வந்தா மெசேஜ் போடுவாங்க.

என்ற பேத்தியும் பேசறாளுங்க. ஸ்ம்ருதி. மஞ்சப் பட்டுப்பாவாடை, மேல ஸ்கூல் ஸ்வெட்டர். தலைப்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதான, எனக்குப் பிடித்தவர்னு. அவ என்னையப் பத்தித்தான் பேசறா.

அப்ப உள்ள வந்து கேக்க வேண்டாமான்னா? எனக்கும் மேடைக்கும் ராசியில்லீங்க. லோதி ரோடு ஆபீஸ்ல இருந்தப்ப ஒருக்கா நன்றியுரை சொல்லச் சொன்னாங்க. சொல்ல ஆரம்பிச்சனுங்க, ஜன்னல்ல ஒரு கொரங்கு வந்து உக்காந்துச்சு. டைரக்டர் பாதியில எந்திரிச்சுப் போனாரு. மத்தவங்களும் போயிட்டாங்க. கொரங்கு மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, என்ற சமோசாவை எடுத்துட்டுப் போச்சு. சிரிக்கறீங்க. நம்பலைன்னா விடுங்க.

ஸ்ம்ருதி மின்னாடியெல்லாம் வாயே தொறக்க மாட்டாளுங்க. ஸ்கூல்ல ஹிந்தி, அப்பன் ஆத்தாகிட்ட இங்கிலீசு, என்கிட்ட தமிழு. எதைப் பேசினாலும் யாராச்சும் திருத்துவாங்க, இல்லாட்டி சிரிப்பாங்க. அப்புறம் புள்ளை எங்க பேசும்? என்ற மவன் ஸ்ரீதருக்கு ஒரே கவலை. கான்ஃபிடன்ஸ் இல்லை, கான்ஃபிடன்ஸ் இல்லைம்பான். வூட்டுல அது என்னமோ சொல்ல வந்தா, போன்ல இருக்கேன் கம்முனு இருன்னு அவனே அதட்டுவான்.

நானு ஒரு வேலை செஞ்சனுங்க. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போற வழியில ஒரு காய்கறி வண்டிக்காரன் நிப்பான். அவன்கிட்டப் போயி, எங்க தாத்தா புலியோட மல்லுக்கட்டினவருன்னு சொல்லு அம்மிணின்னேன். மொத நாளு, தாத்தா புலின்னு மட்டும் சொல்லிப்போட்டு ஓடியாந்துட்டா. தினமும் கூட்டிட்டுப் போனேன். ஒருநாள் அவன் தராசைக் கீழ வெச்சுட்டு, புலி எந்தப் பக்கம் கடிச்சுதுன்னு கேட்டான். அவ கண்ணைக்கூட சிமிட்டலீங்க, இடது தோளுன்னா. அவன் கொத்தமல்லியை சும்மா குடுத்து அனுப்பினான். அன்னிக்கோட பயம் போச்சு. நானும் இடது தோளைத் தேச்சுக்கிட்டே வூடு வந்தேன்.

நல்ல வழியா? இதை என்ற மவன்கிட்ட சொல்லிப் பாருங்க. புள்ளைக்குப் பொய் பழக்கறீங்கன்னு சண்டைக்கு வந்துட்டான். அதுக்கப்புறம் குர்காவ்ல ஒரு மேடம்கிட்ட க்ளாஸ்ல சேத்துவிட்டான். காலை எப்படி வைக்கோணும், கையை எங்க தூக்கோணும், எல்லாம் சொல்லித் தர்ற மேடம். புலிக்கதையெல்லாம் ஜட்ஜுங்ககிட்ட எடுபடாது, கண்ணுல தண்ணி வந்தாத்தான் ப்ரைஸுன்னாங்களாம். அவங்களே பேச்சை இங்கிலீசுல எழுதிக் குடுத்தாங்க. மருமவ அகல்யா தமிழ்ல மாத்துனா. பேத்திக்குத் தமிழு படிக்க வராதுங்களே, அதனால அதை ஹிந்தி எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ண வெச்சாங்க. உங்க பையனும் அப்படித்தானா? இங்க பொறந்த புள்ளைங்க எல்லாம் அப்படித்தானுங்க.

போன மாசம் ஸ்கூல்ல இதே பேச்சுத்தான். நானு மொத வரிசையில போயி உக்காந்தேன். நல்லாத்தான் பேசிட்டிருந்தா. கடைசிக்கு வந்ததும் என்னையப் பாத்தா. அப்படியே நின்னுபோயிட்டா. ஒரு வார்த்தை வரலை. எல்லாரும் பாவம்னு கைதட்டினாங்க, அதுதான் அவளுக்குத் தாங்கலை. இன்னிக்கும் நின்னுபோச்சுன்னா இனி என்னைய மேடைக்கே கூப்புடாதீங்கன்னு அழுதுட்டா. செய்யவும் செய்வாளுங்க, பிடிவாதக்காரி.

பயத்துல மறக்கலீங்க. வரி ஞாபகம் இருந்துச்சு. சொல்லத்தான் முடியலை.

பாருங்க, உங்க போனு மின்னுது. என்ன போட்டிருக்காங்க? ஒரு பொண்ணு பேசி எல்லாரும் அழறாங்களா? மஞ்சப் பாவாடையான்னு கேளுங்க.

ம்.

அப்ப சொல்லிப்போட்டா. இன்று என் தாத்தா இல்லை. அதுதானுங்க அந்த வரி. அவரு போன அன்னிக்குத்தான் நான் தைரியமாப் பேசக் கத்துக்கிட்டேன்னு அடுத்த வரி. புலி கொல்லாத ஆளை அந்த மேடம் ரெண்டு வரியில கொன்னுபோட்டாங்க பாத்தீங்களா. ஸ்ரீதர் சொன்னான், அப்பா, நீங்க உயிரோட எதுக்கால உக்காந்திருந்தா புள்ளை எப்படி அதைச் சொல்லும், தயவுசெஞ்சு வராதீங்கன்னு. புள்ளைக்குப் பொய் ஆகாதுன்னு சண்டை போட்டவனுங்க அவன்.

அம்மிணிக்கு அதைச் சொல்லவே வரலை. நேத்து என்ற மடியில மூஞ்சியை வெச்சுக்கிட்டு, தாத்தா, நீங்க இருக்கறப்ப எப்படிச் சொல்றதுன்னா. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். இல்லைன்னு சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்து, கீழ பாக்காதே, செவுத்தைப் பாரு, காய்கறிக்காரன்கிட்ட புலிக்கதை சொன்னியே, அதாட்டவே சொல்லுன்னேன். நல்ல எடத்துல நிறுத்தியிருப்பா. இல்லாட்டி ஜனம் அழாது.

அட, நீங்க எதுக்குங்க மூஞ்சியை இப்படி வெச்சுக்கறீங்க. போங்க, உங்க பையன் பேரைக் கூப்புடப்போறாங்க. உள்ள அந்தப் புள்ளையைப் பாத்தா, நெம்ப நல்லாப் பேசினேன்னு மட்டும் சொல்லுங்க. வெளிய தாத்தா உக்காந்திருக்காருன்னு வாய் தவறிக்கூட சொல்லிப்போடாதீங்க. ப்ரைஸ் குடுக்கற வரைக்கும் நானு இல்லீங்க.

பையா, ஏக் அவுர் சாய். சக்கரை போடு, நெறையவே போடு. செத்தவனுக்கு என்ன சுகரு.