குடைத் திருட்டு வழக்கு

— விளையாட்டு வழக்குதானே, கண்ணு? விளையாட்டாவே ஒரு தண்டனையக் கொடுத்துட்டு வா.

— அங்கியை இழுத்துப் பிடிம்மா. சுருக்கு விழுது.

— துணியில விழுந்தா இஸ்திரி போடலாம்.

— அம்மா, சட்ட நாள்னா வருஷா வருஷம் இப்படித்தான். நிஜ நீதிபதி கூண்டுல ஏறுவார். எங்க சட்டக் கல்லூரில படிக்கிற ஒருத்தர் அவர் நாற்காலியில உட்காருவாங்க. இந்த வருஷம் அவர் குடை திருடிட்டாராம். எல்லாரும் சிரிக்கிறதுக்கு.

— உங்கப்பாவை அஞ்சு வருஷம் உள்ளே வெச்ச மனுஷன், உன் முன்னாடி கைகட்டி நிக்கப் போறார். இது தானா அமைஞ்சதா?

— சீட்டுக் குலுக்கினாங்க. என் பேர் வந்துச்சு.

— குலுக்கினது மேலே இருக்கிறவன்.

— காலையில சாமி பாட்டு பாடின வாயா இது?

— பாடினதாலதான் அவன் காதுல விழுந்திருக்கு. நாலு பேர் நடுவுல 'குற்றவாளி'ன்னு ஒரே ஒரு சொல். எனக்கு அது போதும்.

— அவர் குடையை எடுத்ததை யாரும் பார்க்கலையேம்மா. அவர் அறை வாசல்ல ஈரம் சொட்டியிருந்துச்சு, அவ்வளவுதான் ஆதாரம்.

— அடேயப்பா! ஒரு ஓட்டைக் குடைக்கு இத்தனை யோசனையா?

— ஒப்புக்கு உட்கார்ந்தாலும் அது நீதிபதி நாற்காலிம்மா. சாட்சி இல்லாம தண்டிக்க மாட்டேன். விடுதலைதான்.

— அப்போ அவர் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவார். நான் வழக்கம் போல அடுப்பைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்.

— அவர் மேல என்னம்மா அவ்வளவு ஆத்திரம்? அப்பா மாடி வீட்டுக்காரரைப் படியிலேர்ந்து தள்ளினது பொய்யா?

— பொய்யில்ல.

— பார்த்தவங்க யாருமே இல்லையா?

— இருந்தாங்க.

— அவங்க வந்து சொன்னாங்களா?

— என்னையே கூண்டுல ஏத்துறியேடி.

— அப்போ நான் சின்னப் பொண்ணு. என்னை அடுத்த வீட்டுல விட்டுட்டு கோர்ட்டுக்குப் போனீங்க. சொல்லும்மா, சாட்சி யாரு?

— நான்தான். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். சொல்லி முடிச்சிட்டு, இந்த நீதிபதியாவது உங்கப்பாவை விட்டுட மாட்டாரான்னு அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்டி.