ஏழு மீன்களும் ஒரு வாளியும்

— வலையைக் கீழ வைம்மா. வாளியிலேருந்து நேராத் தொட்டியில விட்டா தாங்காது.

— புதுத் தொட்டிதானேக்கா. சுத்தமாத்தான இருக்கு.

— அதான் பிரச்சினையே. குளோரினுக்கு மருந்து ஊத்தினியா?

— ஊத்திட்டேன். ஹீட்டரும் இருபத்தாறுல நிக்குது. பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சை நீங்க போன்ல சொன்ன மாதிரியே பழைய தண்ணியோட எடுத்துட்டு வந்து மாட்டியாச்சு.

— கழுவலையே?

— இல்ல. பஸ்ல பக்கத்துல உக்காந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

— அந்த அழுக்குதான் இதுங்களுக்கு உயிர். சரி, அந்த டியூபைக் குடு.

— இது குளுக்கோஸ் ஏத்துறதுல்ல?

— ஆமா. தேதி முடிஞ்சதுன்னு வார்டுல தூக்கிப் போட்டது. ஒரு முனை தொட்டியில, இன்னொண்ணு வாளியில. புதுத் தண்ணி சொட்டுச் சொட்டா விழட்டும். ஒரு மணி நேரத்துல பழகிடும்.

— ஒரு மணி நேரமா?

— உனக்கு என்ன அவசரம்? முதல் சம்சாரத்துக்கு போன் போட்டு, மீனை இடம் மாத்தணும் வாங்கன்னு கூப்பிட்ட ரெண்டாவது சம்சாரம் ஊர்லயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே. வந்ததுக்கு ஒழுங்கா செஞ்சுட்டுப் போறேன்.

— வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலக்கா. அக்கா, அந்தக் கோடு போட்டது சாஞ்சு கிடக்கு பாருங்க. இன்னைக்குன்னு பார்த்து எதுவும் ஆகலையே?

— தூங்குது. அது அப்படித்தான் படுக்கும். சோம்பேறின்னு பேரு வச்சதே நான்தான்.

— கல்யாணமாகி வந்த முதல் வாரம் அப்படிக் கிடந்துச்சு. உங்க மீனை நான் கொன்னுட்டேன்னு அழுதேன். அன்னைக்குத்தான் அவரு முதல் தடவையா என்கிட்ட பேசறதை நிறுத்தினாரு. நாலு நாள்.

— நாலுதானா?

— அப்புறம் கூடுச்சு.

— கூடும். எனக்கு ஒரு தடவை நாப்பது நாள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. டூட்டிக்குப் போய் யாராவது ‘சிஸ்டர்’னு கூப்பிட்டாத்தான், நாம இருக்கோம்னே தோணும்.

— எனக்கு டூட்டியும் இல்லக்கா. இதுங்ககிட்டதான் பேசுவேன்.

— நானும் அதுங்ககிட்டதான் பேசினேன்.

— அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனீங்க?

— ஹாஸ்டல்ல தொட்டி வைக்க விடல. பெட்டியைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, திரும்பப் போய் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். நாளைக்கு யாரு போடுவாங்கன்னு பஸ்ல யோசிச்சேன். அப்புறமும் ரொம்ப நாள் யோசிச்சேன்.

— நான் போட்டேன்க்கா.

— தெரியுது. நான் விட்டுட்டுப் போனப்போ சோம்பேறி சுண்டுவிரல் அளவுதான் இருந்துச்சு.

— மத்ததுங்க ஒவ்வொண்ணாப் போயிடுச்சு. இந்தக் குட்டி மீனு ஆறும் நான் வாங்கினது. உங்களோடது இது ஒண்ணுதான்.

— இனி உன்னோடதுதான். ம், ஒரு மணி நேரமாச்சு, போதும், டியூபை எடு. விளக்கை அணைச்சுட்டு குட்டிங்களை வலையில எடு. சோம்பேறிக்கு மட்டும் வலை ஆகாது. கண்ணுக்குக் கீழ முள்ளு இருக்கு, சிக்கிக்கும். டப்பாவுல மொண்டு, தண்ணியை விரலிடுக்குல வடிச்சிட்டு உள்ள விடு.

— பயமா இருக்குக்கா.

— எனக்கும்தான் முதல் ஊசி போடறப்போ பயமா இருந்துச்சு. விடு.

— போயிடுச்சு. நேரா மரக்கட்டைக்கு அடியில.

— ஒளியட்டும், ரெண்டு நாள்ல தானா வரும். இன்னைக்குத் தீனி போடாதே. வாளித் தண்ணியைக் கொட்டிட்டு வா, நான் தரையைத் துடைக்கிறேன்.

— நீங்க உக்காருங்க. டீ போடறேன்.

— வேண்டாம்மா. மணி அஞ்சரையாச்சு, அவர் வர்ற நேரம். என்னை இங்க பார்த்தா இன்னும் ஒரு மாசத்துக்கு வாயைத் திறக்க மாட்டாரு. அப்புறம் உனக்குத்தான் கஷ்டம்.

— உக்காருங்கக்கா. இந்த வீடு எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.